டர்போவை மாத்துறது இருக்கட்டும், முதல்ல கண்டுபிடிக்கக் காசு கொடுங்க!

"டர்போ போயிடுச்சு சார்."

பழைய டர்போ டீசல் கார் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். வண்டி மேடு ஏறவில்லையா? டர்போ போயிடுச்சு. கரும்புகை தள்ளுகிறதா? டர்போ போயிடுச்சு. மூணாவது கியரில் மிதித்தால் முனகுகிறதா? வேறென்ன, டர்போதான். முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று ஒரு தொகை சொல்லப்படும். நாமும் தலையைச் சொறிந்துவிட்டு "அட்வான்ஸ் எவ்வளவுண்ணே?" என்று கேட்போம்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. சோதிக்காமல் சொல்லப்படும் அந்த வசனம் வெறும் யூகம். அந்த யூகத்துக்கு நாற்பதாயிரம் கொடுக்கத் தயாராக இருக்கிற நாம், அது சரியா தப்பா என்று சோதிக்க எண்ணூறு ரூபாய் கொடுக்க மாட்டோம் என்கிறோம். "செக் பண்ணதுக்கே காசா?" என்று சண்டைக்குப் போகிறோம். பழைய டர்போ வண்டிகளில் நடக்கிற முக்கால்வாசி வீண்செலவின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. மெக்கானிக்கை மட்டும் திட்டுகிற பதிவு என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும், நமக்கும் சேர்த்துத்தான் அடி விழப்போகிறது.

பி.காம் படிக்கிறவனுக்கு பானெட்டுக்குள் என்ன வேலை என்று கிளாஸ் நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். இது இன்ஜின் பிரச்னை மாதிரி தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் பச்சையான காமர்ஸ் பிரச்னை.

எந்த வண்டிகள்?

இந்தியாவில் டீசல் கார் மோகம் எப்படி வந்தது என்று ஞாபகம் இருக்கும். 2007-ல் ஸ்விஃப்ட் டீசல் வந்தது. அதில் இருந்தது ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின். சரியாகச் சொன்னால் 1248 சிசி, 75 குதிரைத்திறன். அதே இன்ஜினை மாருதி, டாடா, ஃபியட் மூன்று கம்பெனிகளும் தங்கள் வண்டிகளில் போட்டன. டிசையர், ரிட்ஸ், விஸ்டா, மான்சா, புன்டோ, லீனியா என்று பட்டியல் நீளும். ஊரில் ஓடிய டாக்ஸிகளில் பாதி இதுதானோ என்று தோன்றும். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு நீக்கியது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த வித்தியாசம் சுருங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபோது மாருதி டீசல் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது.

ஆக, அந்தக் காலத்தில் வாங்கிய லட்சக்கணக்கான டர்போ டீசல் வண்டிகள் இப்போது கிழடு தட்டி நிற்கின்றன. முதல் ஓனர் விற்றுவிட்டார். இரண்டாவது, மூன்றாவது கையில் இருக்கின்றன. அந்தக் கை பெரும்பாலும் கால் டாக்ஸி ஓட்டுகிறவர், காய்கறி ஏற்றுகிறவர், முதல் முறை கார் வாங்கிய குடும்பம். புது வண்டிக்காரருக்கு வாரண்டி இருக்கிறது. இவர்களுக்கு இருப்பது மாச டியூ மட்டும். நாற்பதாயிரம் ரூபாய் தப்பு இவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

டர்போ தனி ஆள் இல்லை

ரொம்பச் சுருக்கமாக. இன்ஜினிலிருந்து வெளியே போகும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம், அது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுற்றும் சாமான் இது. அமுக்கிய காற்று சூடாகிவிடும் என்பதால் இன்டர்கூலர் வழியாகக் குளிர்ந்து உள்ளே போகிறது. காற்று அதிகம் போனால் டீசல் அதிகம் எரிக்கலாம். சின்ன இன்ஜினுக்குப் பெரிய இழுவை. அவ்வளவுதான் டர்போ.

இப்போது இந்தப் பாதையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஏர் ஃபில்டர், காற்றை அளக்கும் ஏர் மாஸ் சென்சார், டர்போ, அதைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர், ரப்பர் ஹோஸ்கள், கிளாம்ப்கள், இன்டர்கூலர், அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே அனுப்பும் இஜிஆர் வால்வு, டீசல் ஃபில்டர், பம்ப், இஞ்ஜெக்டர், கடைசியில் சைலன்சர் பக்கம் இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். இதில் யார் மக்கர் செய்தாலும் டிரைவருக்குத் தெரிவது ஒரே அறிகுறிதான்: பிக்கப் இல்லை. அட, கிளட்ச் தேய்ந்து வழுக்கினால்கூட மேட்டில் வண்டி இழுக்காது. இன்ஜின் கத்தும், வேகம் ஏறாது. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும் அப்படித்தான்.

பன்னிரண்டு பேர் இருக்கிற அறையில் பர்ஸ் காணோம். பணக்காரன் மாதிரி இருக்கிறவனைப் பிடித்து உள்ளே போடு என்பது போலத்தான் நேராக டர்போவைக் கைகாட்டுவது.

மாமாவின் கணக்கு நோட்டு

எங்கள் மாமா மதுரையில் டாக்ஸி ஓட்டுகிறார். பன்னிரண்டு வருஷ டீசல் செடான். என்ன கம்பெனி, எந்தப் பட்டறை என்று கேட்காதீர்கள். எல்லா ஊரிலும் இதே கதை என்பதால் பெயர் தேவையில்லை.

போன வருஷம் கொடைக்கானல் சவாரி. வத்தலக்குண்டு வரை ஒழுங்காகப் போன வண்டி, மலை ஏற ஆரம்பித்ததும் இரண்டாவது கியரை விட்டு மேலே வரவில்லை. பின்னால் கரும்புகை. உள்ளே இருந்த குடும்பம் பாதியில் வேறு வண்டி பிடித்துப் போனது. அதற்கப்புறம் நடந்ததை அவர் கணக்கு நோட்டிலிருந்து அப்படியே எழுதுகிறேன்:

ஏர் மாஸ் சென்சார் மாற்றியது: 6,800
இஜிஆர் கழற்றி சுத்தம் செய்தது: 2,500
நான்கு இஞ்ஜெக்டர் சர்வீஸ்: 14,000

மொத்தம் 23,300. வண்டி? அதே முனகல், அதே புகை. அடுத்து வந்தது நம்ம வசனம். "டர்போ போயிடுச்சுண்ணே. ரீகண்டிஷன் டர்போவும் லேபரும் சேர்த்து 38,000." இடையில் பதினோரு நாள் சவாரி இல்லை. அந்த மாச டியூவுக்கு அத்தையின் வளையல் அடகுக்குப் போனது.

டர்போவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால், டீசல் பம்ப் வேலை மட்டும் செய்கிற இன்னொரு பெரியவரிடம் வண்டியைக் காட்டினார். அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "செக் பண்ண எண்ணூறு ரூபாய். வேலையை இங்க செஞ்சாலும் சரி, வேற எங்க செஞ்சாலும் சரி, அந்த எண்ணூறு எனக்கு வரணும்." மாமா முணுமுணுத்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டார்.

பெரியவர் செய்தது இவ்வளவுதான். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் மேப் சென்சார் என்ன காட்டுகிறது என்று பார்த்தார். 99. வெளிக்காற்றின் அழுத்தம் மதுரையில் அவ்வளவுதான் இருக்கும். ஆக அந்த சென்சார் உண்மை பேசுகிறது. அடுத்து மாமாவை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து, காலியான ஒரு மேட்டில் மூணாவது கியரில் முழுசாக மிதிக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் கேட்கிற அழுத்தம் 210, கிடைப்பது 150. ஆக காற்று குறைகிறது. அதே நேரத்தில் டீசல் ரயில் பிரஷர் கேட்டதும் கிடைத்ததும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. ஆக பம்ப் பக்கம் சந்தேகம் இல்லை. கடைசியாக டர்போ காற்று இழுக்கிற வாயைத் திறந்து சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்த்தார். முன்னே பின்னே அசைவு இல்லை, இறக்கை உரசின தடம் இல்லை. பிறகு அந்த வாயை ஒரு மூடியால் அடைத்து, அதில் பொருத்தியிருந்த டியூப் வால்வு வழியாகக் கொஞ்சமாகக் காற்று ஏற்றி, ஹோஸ் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவினார்.

இன்டர்கூலருக்குக் கீழே போகிற ஹோஸில் குமிழி வந்தது. கிளாம்ப் உரசி உரசி, மேலே பார்த்தால் தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு கிழிசல். அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். ஐடிலிங்கில் ஒழுக்கமாக மூடிக்கொள்ளும்.

ஹோஸ் 1,450. லேபர் 400. செக்கிங் 800. ஆக 2,650 ரூபாய். வண்டி ஏறுகிறது.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை, நாம்தான் தப்பாகப் படித்தோம்

முதல் பட்டறையிலும் ஸ்கேனர் போட்டார்கள். அதுதான் கொடுமையே. வந்த கோடுகள் இரண்டு: பி0299, பி0101. முதலாவது 'டர்போ அழுத்தம் குறைவு'. இரண்டாவது 'ஏர் மாஸ் சென்சார் அளவு பொருந்தவில்லை'. இரண்டாவதைப் பார்த்து சென்சாரை மாற்றினார்கள். முதலாவதைப் பார்த்து டர்போவை மாற்றச் சொன்னார்கள். நடுவில் புகையைப் பார்த்து இஞ்ஜெக்டர்.

கொஞ்சம் யோசித்தால் இரண்டு கோடுகளும் ஒரே கதையைச் சொல்கின்றன. ஏர் மாஸ் சென்சார் வாசலில் நிற்கிற வாட்ச்மேன். உள்ளே போன காற்றைச் சரியாக எண்ணிவிட்டான். டர்போவுக்கு அப்புறம் ஹோஸில் ஓட்டை. எண்ணின காற்றில் ஒரு பங்கு வெளியே ஓடிவிட்டது. கம்ப்யூட்டர் உள்ளே இருக்கிற அழுத்தத்தைப் பார்க்கிறது, வாட்ச்மேன் சொன்ன கணக்கைப் பார்க்கிறது, இரண்டும் ஒட்டவில்லை. வாட்ச்மேன் மேல் சந்தேகப்படுகிறது. அந்தத் தப்புக் கணக்கை நம்பி அதிக டீசலும் ஊற்றுகிறது. காற்றில்லாமல் எரிந்த டீசல் கரும்புகையாக வருகிறது. வாட்ச்மேனை மாற்றினால் புது வாட்ச்மேனும் அதே எண்ணைத்தானே சொல்வான்?

நம்ம பாஷையில் சொன்னால், ஸ்டாக் ரிஜிஸ்டரில் 100 மூட்டை வரவு, குடோனில் 70 மூட்டை இருப்பு. வரவு எழுதின கிளார்க்கை டிஸ்மிஸ் செய்துவிட்டு, குடோனின் பின்சுவரில் இருக்கிற ஓட்டையைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

பி0299 என்ற கோடில் 'டர்போவை மாற்று' என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. 'நான் கேட்ட அழுத்தம் கிடைக்கவில்லை' என்று மட்டும்தான் அது சொல்கிறது. ஹோஸ் கிழிசல், அடைத்த ஏர் ஃபில்டர், ஒட்டிக்கொண்ட ஆக்சுவேட்டர், கிழிந்த வேக்குவம் டியூப், திறந்தபடி நிற்கும் இஜிஆர், டர்போவுக்கு முன்னாலேயே புகை கசிவது, இத்தனைக்கும் இதே கோடு வரலாம். டர்போவே சாவது இதில் ஒன்று. ஒன்றே ஒன்று.

இது திருட்டா? அதைவிட மோசம்

அந்த முதல் பட்டறைக்காரர் திருடன் என்று நான் சொல்லவில்லை. அவர் மனசறிய ஏமாற்றவில்லை என்றே நினைக்கிறேன். நல்ல மனிதர் கூட இப்படித்தான் நடந்துகொள்வார் என்பதுதான் பிரச்னை.

ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாத சந்தை எப்படிக் கெட்டுப்போகிறது என்பதுதான் விஷயம். 2001-ல் பொருளாதார நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. நமக்கு இன்னும் நெருக்கமானது 1973-ல் டார்பி, கார்னி என்ற இருவர் எழுதியது. சில சேவைகளை வாங்கின பிறகும் அது தேவைப்பட்டதா என்று வாங்கினவனுக்குத் தெரியவே தெரியாது. டாக்டர், வக்கீல், மெக்கானிக். 'என்ன கோளாறு' என்று சொல்கிறவரும், 'சரி செய்கிறேன்' என்று காசு வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்கும்போது இது வரும்.

இப்போது பட்டறையின் வருமானக் கணக்கைப் போடுங்கள். இரண்டு மணி நேரம் சோப்பு நுரை தடவி ஹோஸ் கிழிசல் கண்டுபிடித்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? ஹோஸில் நூறு, இருநூறு மார்ஜின், லேபர் நானூறு. அதே இரண்டு மணி நேரத்தில் டர்போ மாற்ற ஒப்புக்கொள்ள வைத்தால்? ஆயிரக்கணக்கில். கண்டுபிடிக்கும் வேலைக்கு விலை பூஜ்யம் என்று நாம் வைத்துவிட்டோம். பூஜ்யம் விலை வைத்த சரக்கு எந்தச் சந்தையிலாவது தரமாகக் கிடைத்ததுண்டா?

ரத்தப் பரிசோதனைக்கு லேபில் காசு கேட்டால் யாராவது சண்டை போடுகிறோமா? "சர்க்கரை இல்லைன்னு ரிசல்ட் வந்துச்சே, காசைத் திருப்பிக் கொடு" என்கிறோமா? உடம்புக்கு ஒரு நியாயம், வண்டிக்கு ஒரு நியாயம்.

இலவச செக்கிங் என்பது இலவசம் இல்லை மக்களே. அந்தக் காசு தேவையில்லாத சென்சாருக்குள், தேவையில்லாத இஞ்ஜெக்டர் சர்வீஸுக்குள் ஒளிந்துகொண்டு வரும். பெயர் மட்டும் மாறும். தொகை பல மடங்கு பெருகும்.

இன்னொரு நோய் சங்க் காஸ்ட். "இருபத்து மூணாயிரம் செலவு பண்ணியாச்சு, இப்ப விட்டா எல்லாம் வீண். டர்போவையும் பார்த்துடுவோம்." மாமா இதைச் சொன்னபோது எனக்கு காஸ்டிங் புத்தகத்தைத் தூக்கி எறியலாம் போலிருந்தது :-) போன காசு போனதுதான். அடுத்த 38,000-க்கு அந்த 23,300 சாட்சி சொல்ல முடியாது. மூன்று யூகம் தப்பானது நாலாவது யூகத்துக்கு பலம் சேர்க்காது, யூகிக்கும் முறையே தப்பு என்றுதான் காட்டும்.

எனக்கு வரப்போகும் திட்டுகள்

"முப்பது வருஷ அனுபவம் தம்பி, சத்தத்தை வெச்சே சொல்லிடுவாங்க." சொல்வார்கள், மறுக்கவில்லை. அனுபவம் எங்கே முதலில் தேட வேண்டும் என்று காட்டும். அந்த மதிப்பு பெரியது. ஆனால் காதுக்குக் கேட்டதைச் சோதித்துப் பார்க்க இருபது நிமிஷம் எடுத்தால் அனுபவத்துக்கு என்ன அவமானம்? எண்ணூறு ரூபாய் பெரியவருக்கும் அனுபவம் அதே அளவுதான். அவர் காதையும் நம்பினார், நுரையையும் தடவினார்.

"மாத்திப் பார்த்தாத்தான் தெரியும்." அப்படியானால் மாற்றிப் பார்க்கிற செலவு யாருடையது? வேறு வண்டியிலிருந்து நல்ல சென்சாரைக் கழற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தால் அது சோதனை, வரவேற்கிறேன். என் காசில் புதிதாக வாங்கிப் போட்டு, சரியாகாவிட்டாலும் திருப்பி எடுக்க மாட்டேன் என்றால் அது என் செலவில் உங்கள் டியூஷன்.

"ஸ்கேனரும் டெஸ்ட் கருவியும் என்ன விலை தெரியுமா?" தெரியும். அதனால்தான் செக்கிங்குக்குக் காசு வாங்குங்கள் என்கிறேன். போர்டு எழுதி மாட்டுங்கள். முதல் பத்து கஸ்டமர் முறைப்பார்கள். பதினோராவது ஆள் எங்கள் மாமாவாக இருப்பார்.

"இதெல்லாம் எதுக்கு, ஈசியு ரீமேப் பண்ணா பிக்கப் பிச்சுக்கும்." கிழிந்த ஹோஸில் இன்னும் அழுத்தம் ஏற்றினால் கிழிசல்தான் பெரிசாகும். நோய் தெரியாமல் டானிக் கொடுக்கிற வேலை. இஜிஆர்-ஐ அடைப்பதும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வெட்டி எறிவதும் இதே ரகம். கூடவே நாலு பேர் சுவாசிக்கிற காற்றையும் கெடுக்கிற ரகம்.

எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

இதுதான் காமர்ஸ் மூளைக்குப் பிடித்த இடம். விதி எளிது: குறைந்த செலவில் அதிக சந்தேகத்தைத் தீர்க்கிற சோதனை முதலில்.

1. காசே இல்லாதவை. ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். டீசல் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினது என்று பில்லைப் பாருங்கள். ஆயில் அளவைப் பாருங்கள். புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் டீசலுக்குத் தக்க காற்று இல்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. விடாமல் வெள்ளை வந்தால் எரியாத டீசலோ கூலண்ட் தண்ணீரோ. கூடவே கிளட்ச் வழுக்குகிறதா, ஓட்டி நிறுத்தினதும் ஏதாவது ஒரு வீல் மட்டும் கொதிக்கிறதா என்றும் பாருங்கள்.

2. ஸ்கேனர், ஆனால் கோடோடு நிறுத்தாமல் லைவ் டேட்டாவும். சாவி ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் சுமார் 100 கிலோபாஸ்கல். ஊட்டியில் நின்றால் 77, 78 பக்கம். ஊட்டியில் 100 காட்டினால் சென்சார்தான் பொய்யன். பிறகு ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பார்க்க, காலியான சாலையில் 'கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம்' ஒப்பீடு. டீசல் பக்கம் 'கேட்ட ரயில் பிரஷர், கிடைத்த ரயில் பிரஷர்'. இந்த இரண்டு ஜோடி எண்களிலேயே காற்றுப் பிரச்னையா டீசல் பிரச்னையா என்று பாதை பெரும்பாலும் பிரிந்துவிடும்.

3. காற்று குறைந்தால்: நுரை டெஸ்ட் அல்லது புகை டெஸ்ட். அடுத்து ஆக்சுவேட்டர். 75 குதிரைத்திறன் மல்டிஜெட்டில் இருப்பது சாதாரண டர்போ. அதே இன்ஜினின் 90 குதிரைத்திறன் வடிவத்தில் இறக்கையின் கோணம் மாறும் டர்போ. இந்த இரண்டாம் வகையில் கரி படிந்து இறக்கை ஒட்டிக்கொள்ளும். வேக்குவத்தில் இயங்கும் ஆக்சுவேட்டர் என்றால் கை வேக்குவம் பம்ப் மாட்டினால் ராடு அசைகிறதா, அசைந்த இடத்தில் நிற்கிறதா என்று அஞ்சு நிமிஷத்தில் தெரியும். பிறகு இஜிஆர், பிறகு கன்வெர்ட்டர் அடைப்பு.

4. டீசல் குறைந்தால்: முதலில் ஃபில்டர். பிறகு இஞ்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட். நாலு இஞ்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலை நாலு சீசாவில் பிடித்தால், எது அதிகம் ஒழுகுகிறது என்று கண்ணுக்கே தெரியும். நாலையும் கழற்ற வேண்டியதில்லை. (இதை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். ரயில் பைப்பில் 1000 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். ஓடுகிற இன்ஜினில் அந்த நட்டைத் தளர்த்தினால் டீசல் பீய்ச்சி தோலைத் துளைத்துவிடும். விளையாட்டு இல்லை.)

5. இவ்வளவும் தாண்டினால்தான் டர்போவைக் கழற்றுவது.

பட்டறையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே. "என்ன எண் பார்த்தீங்க, எவ்வளவு இருக்கணும்?" "மத்ததெல்லாம் இல்லைன்னு எப்படி முடிவு பண்ணீங்க?" "பழைய பார்ட்டைக் கையில் தருவீங்களா?" மூணாவது கேள்விக்கு முகம் மாறினால் நீங்களும் இடத்தை மாற்றலாம். பில் கேளுங்கள். பில் தராமல் இருப்பது 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகப் பழக்கம் என்ற பட்டியலிலேயே இருக்கிறது. வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒப்புக்கொள்வாரா? நாம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

டர்போ நிஜமாகவே போயிருந்தால்?

போகும். பழைய வண்டியில் கட்டாயம் போகும். நீலப் புகை, சைரன் மாதிரி ஊளை, ஹோஸுக்குள் குளம் கட்டின ஆயில், ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் தள்ளினால் அசைவு, இறக்கை கூட்டில் உரசின தடம். இதெல்லாம் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். (பக்கவாட்டில் துளி ஆட்டம் இருப்பது சகஜம். அந்த இடைவெளியை ஆயில் படலம்தான் நிரப்புகிறது. அதைக் காட்டி பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.) ஆயில் கொட்டுகிற டர்போவோடு ஓட்டவும் கூடாது. இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓட வாய்ப்பு உண்டு.

ஆனால் அப்போதும் ஒரு கேள்வி பாக்கி. ஏன் போனது? டர்போ பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. நாள் தாண்டின ஆயில், கரி அடைத்த ஆயில் பைப், ஃபில்டர் ஓட்டையில் நுழைந்த தூசி என்று ஏதோ ஒன்று கொல்கிறது. காரணத்தைப் பார்க்காமல் புது டர்போ போட்டால், அதே அடைத்த பைப் அதையும் கொல்லும். அப்போது வரும் வசனம்: "ரீகண்டிஷன் சார், அப்படித்தான் இருக்கும்." மறுபடியும் 38,000.

கடைசியாக ஒன்று. உங்கள் ஊரிலும் செக்கிங்குக்குத் தனியாகக் காசு கேட்கிற ஒரு முரட்டு மெக்கானிக் இருப்பார். "ரொம்பத் திமிரு பிடிச்ச ஆளு" என்று பெயர் வாங்கி, பாதி நாள் சும்மா உட்கார்ந்திருப்பார். அவரிடம் போங்கள். கேட்ட காசைக் கொடுங்கள். கோளாறு ஒன்றுமில்லை என்று அவர் சொன்னாலும் சிரித்துக்கொண்டே கொடுங்கள். அவர் கடையை மூடிவிட்டால், மிச்சம் இருப்பது அந்த மூணு வார்த்தை வசனம் மட்டும்தான்.

டிஸ்கி: மெக்கானிக் நண்பர்கள் திட்ட விரும்பினால் தாராளமாகத் திட்டலாம். நுரை டெஸ்ட் செய்துவிட்டுத் திட்டினால் இன்னும் சந்தோஷம் :-)